சேர்வராயன் மலை ஓடையில் மாசீர் குஞ்சு விடலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

மூக்கனேரிப் பையன் (சேலம்)

எல்லாருக்கும் வணக்கம். நாங்க கன்னங்குறிச்சிப் பக்கம் ஏரிக்கரையில மரம் வச்சு, குப்பை அள்ளிக்கிட்டு இருக்கிற ஒரு சின்னக் குழு. எங்களுக்கு வருஷா வருஷம் கன்று வாங்கித் தர்ற ஒரு பெரியவர் இந்தத் தடவை மீன்குஞ்சு வாங்கித் தர்றேன்னு சொல்றார். அதுவும் மாசீர், பெரிசா வளர்ற கெண்டை வகை ஆத்து மீன். அழிஞ்சுக்கிட்டு வர்ற மீனை நம்ம மலை ஓடையில விட்டா மறுபடியும் பெருகும்னு அவருக்கு ஆசை. வெளி மாநிலப் பண்ணையில நீலத்துடுப்பு மாசீர் குஞ்சு கிடைக்குதாம்.

ஏற்காட்டுக்கு வடக்கே வாணியாறு பக்கம் இறங்குற ஒரு ஓடையைப் பார்த்து வச்சிருக்கோம். மழைக்காலத்தில நல்லா தண்ணி போகும், இடையில ரெண்டு மூணு மடு இருக்கு. எந்த மாசம் விடலாம், குஞ்சு எவ்வளவு பெரிசா இருக்கணும், வனத்துறைக்கு எழுதிக் கொடுக்கணுமா, சொல்லுங்க.

வசிஷ்டநதி (ஆத்தூர்)

அருமையான முயற்சி தம்பி. ஆடிப்பெருக்கு அன்னிக்கு விடுங்க, ஊரே வந்து நிக்கும்.

மலையோடை (சேலம்)

தம்பி, உங்க குழுவோட வேலையை நேர்ல பார்த்திருக்கேன், மதிப்பு உண்டு. ஆனா இந்தக் குஞ்சுகளை ஓடையில விட வேண்டாம். காரணம் சொல்லாம தடுத்தா நியாயமில்ல, அதனால நீளமாவே எழுதறேன். நான் கல்லூரியில விலங்கியல் நடத்தறவ. ஓடை மீன்களைப் பார்க்கிறதுதான் என் வேலை.

காவிரியில் ஒரு மாசீர் உண்டு. முதுகு திமில் மாதிரி தூக்கி, வால் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். ஐம்பது கிலோவுக்கு மேலும் வளரும். 1946-ல் காவிரியின் துணையாறான கபினியில் தூண்டிலில் சிக்கிய ஒன்று 120 பவுண்டு. உலகத்தில் வேறெந்த ஆற்றுப் படுகையிலும் இந்த மீன் இல்லை, காவிரிக்கே உரியது. இன்று அது மிகவும் அருகிப்போய், அற்றுப்போகும் விளிம்பில் நிற்கிறது.

அதற்கு என்ன ஆயிற்று என்று விரிவாக ஆராய்ந்தவர்கள் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் பிண்டர், ராபர்ட் பிரிட்டன், கொச்சியில் கேரள மீன்வளப் பல்கலைக்கழகத்தின் ராஜீவ் ராகவன் ஆகியோர். அவர்களுக்குக் கிடைத்த சான்று அபூர்வமானது. ஒகேனக்கலுக்கு மேலே, கர்நாடகக் காவிரியில் கலிபோரே என்ற இடத்தில் தூண்டில் முகாம் ஒன்று நடந்தது. பிடித்த மீனை எடை போட்டுவிட்டு அப்படியே ஆற்றில் விட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. 1998 முதல் 2012 வரை யார் எத்தனை மணி நேரம் தூண்டில் போட்டார்கள், எந்த மீன் எத்தனை எடையில் வந்தது என்று பதிவேட்டில் எழுதி வைத்திருந்தார்கள். மேலோட்டமாகப் புரட்டினால் மகிழ்ச்சியான செய்திதான். மீன்களின் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போகிறது. வகை பிரித்துப் பார்த்தபோதுதான் உள்ளே இருந்தது தெரிந்தது. ஏறியது முழுக்க நீலத்துடுப்பு மாசீர். திமில் மாசீர் குறைந்துகொண்டே போய், கடைசி ஆண்டுகளில் கிட்டத்தட்ட இல்லாமலே ஆகிவிட்டது.

அந்த நீலத்துடுப்பு மாசீர் காவிரி மீன் அல்ல. 1839-ல் புனே பக்கத்து ஆற்றிலிருந்து விவரிக்கப்பட்டது. லோனாவாலாவில் ஒரு மின் நிறுவனத்தின் பண்ணையில் 1970-களில் அதைச் செயற்கையாக இனப்பெருக்கம் செய்யக் கற்றார்கள். பெரிய சாதனை அது. அங்கிருந்து குஞ்சுகள் பல மாநில ஆறுகளுக்குப் போயின, காவிரிக்கும் வந்தன. விட்டவர்கள் எல்லோரும் நல்ல மனதோடுதான் விட்டார்கள். 'மாசீர் அழிகிறது, மாசீரை விடுகிறோம்' என்பதுதான் அவர்கள் கணக்கும். உங்கள் பெரியவர் சொல்கிற அதே கணக்கு.

இதில் எனக்கு ரொம்ப வலிக்கிற இடம் ஒன்று உண்டு. இத்தனை புகழ் பெற்ற இந்தத் திமில் மாசீருக்கு உறுதியான அறிவியல் பெயரே இல்லாமல் இருந்தது. பெயர் இல்லாததால், அழிந்து வரும் உயிர்களுக்கான உலகப் பட்டியலான செம்பட்டியலில் சேர்க்க முடியவில்லை. 2007-ல் காவிரிப் படுகையைச் சேர்ந்த பாம்பாற்றிலிருந்து, சிறிய மீன்களை வைத்து, 'டார் ரெமாதேவி' என்று ஒரு மாசீர் விவரிக்கப்பட்டிருந்தது. சென்னையில் இந்திய விலங்கியல் ஆய்வகத்தில் மீன்களையே வாழ்நாள் வேலையாகக் கொண்ட கே. ரெமாதேவி அவர்களின் பெயரில் வைத்தது. அதே படுகையின் மாயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஒப்பிட்டு, திமில் மாசீரும் அதுவும் ஒன்றே என்று பிண்டர் குழு 2018-ல் நிறுவியது. அந்த ஆண்டேதான் அது செம்பட்டியலில் மிக ஆபத்தான நிலை என்ற இடத்துக்கு வந்தது. அதற்குள் நாற்பது ஆண்டுகள் குஞ்சு விட்டு முடித்திருந்தோம்.

குஞ்சு விட்டது ஒன்றே காரணம் என்று நான் சொல்லவில்லை. மேட்டூரும் கிருஷ்ணராஜசாகரும் அதன் பாதையை மறித்தன. தோட்டா போட்டு மீன் பிடிப்பது, மணல் அள்ளுவது, கோடையில் ஆறு வற்றுவது எல்லாம் சேர்ந்த பாடு அது. ஆனால் மெலிந்துபோன ஒரு மீனின் இடத்தில், பண்ணையில் வளர்ந்த உறவுக்கார மீனைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு வந்து இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அந்தப் பதிவேட்டை விடப் பெரிய சாட்சி வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் சொன்ன ஓடை வாணியாற்றுப் பக்கம். சேர்வராயன் மலையில் விழுகிற மழை எல்லாம் ஒரே இடத்துக்குப் போவதில்லை. திருமணிமுத்தாறும் சரபங்காவும் காவிரிக்குப் போகின்றன. வாணியாறு தென்பெண்ணைக்குப் போகிறது. ஒரே மலை, இரண்டு படுகை. காவிரிக்கே உரிய மீனாக இருந்தாலும் அதை அந்தச் சரிவில் விட்டால் அடுத்த ஆற்றுக்குக் கடத்தியதாகத்தான் ஆகும்.

மேட்டூர் பரிசல் (மேட்டூர்)

அக்கா எழுதினதைப் படிச்சேன். தெரியாத விஷயம் நிறைய இருந்துச்சு. ஆனா ஒண்ணு கேக்கணும், கோவிச்சுக்காதீங்க.

எங்க அப்பா அணையில பரிசல் போட்டு வலை வீசறவரு. தாத்தாவும் அப்படித்தான். எங்க வீட்டுல உலை கொதிக்கிறது கட்லா, ரோகு, மிர்கால்ல. இது மூணும் கங்கை மீனுன்னு பள்ளிக்கூடப் புத்தகத்துலயே இருக்கு. அரசாங்கமே குஞ்சு விடுது, அதை நம்பித்தான் நாங்க இருக்கோம். வெளியூர் மீனே ஆகாதுன்னு படிச்சவங்க எழுதிக்கிட்டே போனா நாளைக்கு எங்க வலையில என்ன விழும்? ஜிலேபிக் கெண்டையும் முள்ளும்தான். இந்தப் பேச்செல்லாம் தூண்டில் போடற பணக்காரங்களுக்காகப் பேசற மாதிரி இருக்கு, எங்களுக்காக இல்ல.

அப்பா சொல்லுவாரு, முன்னாடி வெண்கெண்டை, கருமுழிக்கெண்டை கூடை கூடையா வருமாம். வாளை ஒண்ணு மாட்டினா வலையே கிழியுமாம். இப்ப கருமுழியை நானே எப்பவாவதுதான் பார்க்கிறேன். அது போனதுக்கு யாராவது அழுதாங்களா? திமில் மீனுக்கு மட்டும் வெள்ளைக்காரர் வரைக்கும் வர்றாங்க.

கன்னங்குறிச்சி மாணவி

பரிசல் அண்ணா கேட்ட கடைசிக் கேள்விக்கு நானும் பதில் எதிர்பார்க்கிறேன்.

மலையோடை (சேலம்)

தம்பி, கோபமே இல்ல. இந்த இழையில் வந்த சரியான கேள்வி இதுதான்.

முதலில் அணை. மேட்டூர் 1934-ல் கட்டி முடிந்தது. ஓடுகிற ஆறு அன்றோடு அந்த இடத்தில் தேங்கிய நீராக மாறிவிட்டது. கடலிலிருந்து காவிரியில் ஏறி வந்துகொண்டிருந்த ஹில்சா மீன்பிடிப்பு அதன் பிறகு படுத்துவிட்டது. ஓட்டத்தில் முட்டையிடும் கெண்டைகளுக்கும் இடம் சுருங்கியது. தேங்கிய நீரில் எது வளரும், எவ்வளவு வளரும் என்று கணக்குப் பார்த்த ஆய்வாளர்கள் நம் மாநிலத்திலேயே இருந்தார்கள். மீன்வளத் துறையில் பணியாற்றிய ஏ. ஸ்ரீனிவாசன் 1964-ல் அன்றைய சென்னை மாநிலத்தின் மலை ஏரிகள் மூன்றைப் பற்றியும், 1966-ல் மேட்டூர் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் நீர்த்தன்மை, மீன் விளைச்சல் பற்றியும் எழுதியவை இன்றும் எடுத்துப் படிக்கத் தக்கவை. வெயில், சத்து, பாசி, மீன் என்று சங்கிலியாக அளந்து பார்த்தவர் அவர். நீர்த்தேக்கத்தில் குஞ்சு விடுவது அப்படி ஒரு கணக்கின்மேல் நிற்கும் உணவு வேலை. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அதில் வாழ்கின்றன. அதை நிறுத்தச் சொல்லி நான் ஒரு வரியும் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன்.

மலை ஓடை வேறு. அங்கே வலை வீசிப் பிழைக்கிற குடும்பம் கிடையாது. அங்கே விடுகிற மீன் யாருக்கும் சோறு போடப் போவதில்லை, ஏற்கெனவே இருப்பதற்குத் தொல்லை மட்டும்தான்.

அடுத்து, வெண்கெண்டைக்கும் கருமுழிக்கும் யார் அழுதார்கள் என்றீர்கள். உண்மை. பெரிய மீனுக்குக் கிடைத்த கவனம் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. கருமுழிக்கெண்டையை ஜெர்டான் என்ற ஆங்கிலேய இயற்கையியலாளர் 1849-லேயே காவிரிப் படுகையிலிருந்து விவரித்துவிட்டார். காவிரி முழுவதையும் நடந்து மீன்களைப் பட்டியலிட்டு மீனியலாளர் ஜெயராமும் அவர் கூட்டாளிகளும் 1982-ல் அறிக்கை வெளியிட்டார்கள். பெயர் இருக்கிறது, பட்டியல் இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு ஆண்டு எது எவ்வளவு குறைகிறது என்று தொடர்ந்து எழுதி வைக்க ஆளில்லை. கலிபோரே பதிவேடு ஒரு தற்செயல். உங்கள் அப்பாவின் நினைவில் இருப்பதை யாராவது எழுதி வைத்திருந்தால் அது அந்தப் பதிவேட்டுக்குச் சமமாக நின்றிருக்கும். நான் வந்து கேட்டால் சொல்வாரா?

மேட்டூர் பரிசல் (மேட்டூர்)

சொல்லுவாருங்க. ஆனா அவரு பேச ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு.

தோட்டா பத்தி எழுதினீங்க இல்ல. அது எங்களுக்கும் எதிரிதான். ஒரு வெடிக்கு மேல மிதக்கிறது கொஞ்சம், அடியில செத்துக் கிடக்கிறது அதைவிட அதிகம். குஞ்சு, முட்டை எல்லாம் போயிடும். போடறவன் ஒருத்தன், கெட்ட பேரு எல்லா வலைக்காரனுக்கும்.

நாகலூர் காப்பி (ஏற்காடு)

மேலே இருக்கிறவன் என்கிற முறையில் சிலது சொல்கிறேன்.

மீன் விடுவதா வேண்டாமா என்பதை விடுங்கள், தண்ணீர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாசி, பங்குனியில் ஓடை அறுந்துவிடும். மிச்சம் இருப்பது மடு மட்டும். அந்த மடுவில்தான் எல்லோரும் மோட்டார் வைக்கிறோம். பூ மழை பொய்த்தால் காப்பிக்குத் தண்ணீர் அடிக்க வேண்டும், மிளகுக் கொடிக்கு ஊற்ற வேண்டும். இப்போது தங்கும் விடுதிகளுக்கு டேங்கரும் அங்கேதான் வந்து நிற்கிறது. ஒரு மடு ஒரே ராத்திரியில் சேறாகிவிடும். உள்ளே இருந்த மீன் என்ன ஆகும் என்று யாரும் நின்று பார்ப்பதில்லை.

அடுத்து மருந்து. போர்டோ கலவை இல்லாமல் காப்பியும் இல்லை, மிளகும் இல்லை. மயில்துத்தமும் (செம்பு உப்பு) சுண்ணாம்பும்தான். அடித்து முடித்ததும் தெளிப்பானை எங்கே கழுவுகிறார்கள்? ஓடையில். பழம் உரித்த கழிவுத் தண்ணீரும் மழைக்காலம் வரும்வரை குழியில் நிற்காமல் ஓடைக்குத்தான் போகிறது. புளித்த நாற்றம் அரை மைலுக்கு வரும். எங்கள் தோட்டத்தில் தெளிப்பான் கழுவ மேட்டில் தனிக் குழி வெட்டியிருக்கிறோம். பெரிய செலவு இல்லை. ஆள் இரண்டு, ஒரு நாள் கூலி.

இந்தச் செம்பு எவ்வளவு சேர்ந்தால் மீனுக்கு ஆகாது, அக்கா சொன்னால் பக்கத்துத் தோட்டக்காரர்களிடம் சொல்ல வசதியாக இருக்கும்.

மலையோடை (சேலம்)

ஐயா, நன்றி. செம்பு மீனின் செவுளைத் தாக்கும், உப்புச் சமநிலை குலையும். தண்ணீர் எவ்வளவு மென்மையோ அவ்வளவு கெடுதல். சுண்ணாம்புச் சத்து அதிகமுள்ள தண்ணீரில் தாங்கிக்கொள்ளும் அளவு, மலை ஓடையின் மென்நீரில் கொன்றுவிடும். அதனால் எல்லா ஓடைக்கும் பொருந்துகிற மாதிரி ஒரே எண் சொல்ல மாட்டேன். 'ஓடையில் கழுவாதீர்கள்' என்று மட்டும் சொல்லுங்கள், அது எல்லா ஓடைக்கும் பொருந்தும்.

மடு பற்றி நீங்கள் எழுதியதுதான் இந்த விவகாரத்தின் உயிர்நாடி. 20 பாகை (செல்சியஸ்) தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவுக்கு உயிர்வளியை (ஆக்சிஜனை) பிடித்து வைக்கும். 30 பாகை ஆனால் 7.5-தான். மலை உயரத்தில் அதுவும் குறையும். நிழல் போய், ஆழம் போய், வெயிலில் சூடேறின மடுவில், ஒடுங்கி நிற்கிற அத்தனை மீனும் அந்தக் கொஞ்சத்தைப் பங்கு போட வேண்டும். அங்கே ஒரு பெரிய மாசீர் சேர்ந்தால்? பெரிய ஆறும் ஆழமான கசமும் தேடுகிற மீன் அது. மழையில் மேலேறி, ஓடுகிற நீரில் கூழாங்கல் படுகையில் முட்டையிட வேண்டும். கோடையில் முழங்கால் ஆழ மடுவில் அடைபட்டால், கூட இருக்கிற பொடி மீன்களைத் தின்றுவிட்டுத் தானும் போய்ச் சேரும்.

அந்தப் பொடி மீன்களைத்தான் நான் காட்ட நினைப்பது. மலை ஓடைகளில் கல்லை ஒட்டிக்கொண்டு ஒரு மீன் இருக்கும், காரா என்பது பேரினப் பெயர். விரல் நீளம்தான். கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள்: வாய் அடிப்பக்கம் இருக்கும், கீழுதடு தட்டையாக விரிந்து வட்டமான பட்டையாக மாறியிருக்கும். நெஞ்சுத் துடுப்புகள் பக்கவாட்டில் கிடையாக நீண்டிருக்கும். ஈரப் பாறையில் வைத்தால் சட்டென்று அப்பிக்கொள்ளும். அது இருக்கிற பாறையில் பாசிமேல் சுரண்டின தடம் வரிவரியாகத் தெரியும். மீனியல் அறிஞர் சுந்தர் லால் ஹோரா இந்த மாதிரி மீன்களின் உடம்பை வைத்துத்தான், வேகமான தண்ணீர் ஒரு மீனை எப்படி வடிவமைக்கிறது என்று 1920-களில் எழுதினார். 1930-ல் லண்டன் ராயல் சொசைட்டி வெளியிட்ட அவருடைய கட்டுரை மலையோடை உயிர்களைப் பற்றிப் படிக்கிற யாருக்கும் தொடக்கம். பிறகு மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தில் எம். அருணாச்சலம் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளில் எந்த மீன் எந்த ஆழத்தில், எந்தக் கல்லில், எந்த ஓட்டத்தில் நிற்கிறது என்று பார்த்து 2000-ல் வெளியிட்டார். ஓடை என்றால் ஒரே மாதிரித் தண்ணீர் அல்ல. சலசலக்கிற இடம், சீராக ஓடுகிற இடம், மடு என்று ஒவ்வொன்றுக்கும் தனிக் குடித்தனம்.

நம் சேலத்து ஆட்கள் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றித்தான் பேசுகிறோம். சேர்வராயன், கல்வராயன், சித்தேரி, கொல்லிமலை எல்லாம் கிழக்குத் தொடர்ச்சி. சமவெளிக்கு நடுவே தனித்தனியாக நிற்கிற மலைகள். ஒரு மலை ஓடையில் ஒரு மீன் அற்றுப்போனால் பக்கத்து மலையிலிருந்து நடந்து வந்து நிரப்பாது. கிளியூர் அருவி 300 அடி. அதற்கு மேலே இருந்து அடித்துக்கொண்டு கீழே போன மீன் மறுபடி ஏறப் போவதில்லை.

மூக்கனேரிப் பையன் (சேலம்)

அக்கா, ரொம்ப நன்றி. பெரியவர்கிட்ட எல்லாத்தையும் படிச்சுக் காட்டினேன். முதல்ல முகம் வாடிப்போச்சு. 'அப்ப நாம ஒண்ணுமே பண்ணக் கூடாதா'ன்னு கேட்டார். அவருக்கு என்ன சொல்றது?

இன்னொரு சந்தேகம். ஊர்ல கொசுவுக்குன்னு தொட்டியில விடற கம்பூசியா மீன் இருக்கே, அதையும் ஏரியில விடக் கூடாதா? எங்க ஆளுங்க சிலர் விட்டுக்கிட்டு இருக்காங்க.

மலையோடை (சேலம்)

கம்பூசியா அமெரிக்க மீன். 1928-ல் இந்தியாவுக்கு வந்தது. மூடிய தொட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏரியில் போனால் மற்ற மீன்களின் குஞ்சு, முட்டை, தவளைக் குஞ்சு எல்லாவற்றையும் கடிக்கும். நம் குளங்களில் மேல்நீரில் உச்சந்தலையில் வெள்ளிப் பொட்டோடு நிற்கிற சின்ன மீன் கொசுப்புழுவை நன்றாகவே தின்னும். வீட்டுத் தொட்டியில் வளர்த்து அலுத்துப்போன சக்கர் மீன், ஆப்பிரிக்கக் கெளுத்தி இவற்றை ஏரியில் கொண்டு கொட்டுகிறவர்களைக் கண்டால் கையைப் பிடித்துத் தடுங்கள். 1952-ல் ஜிலேபி வந்து இறங்கியதன் பலனை மேட்டூர் தம்பி மேலே எழுதியிருக்கிறார்.

பெரியவருக்குச் சொல்லுங்கள்: செய்ய நிறைய இருக்கிறது, அவர் பணம் வீணாகாது. கர்நாடகத்தில் காவிரிக் கரையில் ராமநாதபுரா என்ற ஊரில் கோயிலை ஒட்டிய ஆற்றுப் பகுதியில் யாரும் மீன் பிடிப்பதில்லை. சிருங்கேரியில் துங்கையிலும் அப்படித்தான். குஞ்சு வாங்கி விட்டு வளர்ந்த கூட்டம் அல்ல அவை, விட்டுவைத்ததால் நின்ற கூட்டம். நீங்கள் பார்த்து வைத்திருக்கிற ஓடையில் ஒரே ஒரு மடுவை எடுத்துக்கொள்ளுங்கள். கோடையில் அதில் மோட்டார் இறங்காதபடி அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களோடு பேசி, அவர்களுக்கு மேட்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டிக் கொடுக்க அந்தப் பணத்தைச் செலவழிக்கலாம். மழைக்காலத்தில் நிரப்பி வைத்தால் பங்குனியில் மடு தப்பும். கரையில் நிழல் தருகிற நீர்மத்தி, நாவல், புங்கன் இருந்தால் வெட்டாமல் காப்பாற்றுங்கள், இல்லாத இடத்தில் நடுங்கள். அது உங்கள் குழுவுக்குப் பழகின வேலை.

கன்னங்குறிச்சி மாணவி

அக்கா, அந்த மடுவில் என்ன மீன் இருக்கிறது என்று நாங்களே பதிவு செய்ய முடியுமா? கொல்லாமல்?

மலையோடை (சேலம்)

முடியும்மா. ஆனால் வனப்பகுதி என்றால் வனத்துறை அனுமதி கையில் இல்லாமல் வலையோடு இறங்காதே. கரையிலிருந்து பார்ப்பது, படம் எடுப்பது போதும். போலரைஸ்டு கண்ணாடி போட்டால் நீர்ப் பளபளப்பு மறைந்து அடி தெரியும். அனுமதி கிடைத்தபின் கைவலையில் எடுத்து, தண்ணீர் ஊற்றிய கண்ணாடிப் பெட்டியில் விட்டுப் பக்கவாட்டில் ஒரு படம், மேலிருந்து ஒரு படம், வாயின் அடிப்பக்கம் ஒரு படம். கையை முதலில் நனைத்துக்கொள், காய்ந்த கை மீனின் வழவழப்பை உரித்துவிடும். ஒரு நிமிடத்துக்குள் அதே இடத்தில் விட்டுவிடு. படத்தோடு தேதி, ஆழம், ஓட்டமா மடுவா, அடியில் கல்லா மணலா, தண்ணீரின் வெப்பம் எழுது. மாதம் ஒரு முறை, அதே இடம். பார்க்காத மாதத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுத வேண்டும், மீன் இல்லாத மாதத்தில் 'இல்லை' என்று எழுத வேண்டும். இரண்டும் வேறு.

மலைமேல் இருக்கிற மலையாளிப் பழங்குடிப் பெரியவர்களிடமும் கேள். எந்த மடு எந்த வருடம் வற்றியது, எந்த மீன் எப்போது மேலேறும் என்று எந்த ஆய்வேட்டிலும் இல்லாத விவரம் அவர்களிடம் இருக்கும். அவர்கள் வைத்திருக்கிற பெயரையே முதலில் எழுது, அறிவியல் பெயரை நான் பின்னால் சேர்த்துத் தருகிறேன்.

வசிஷ்டநதி (ஆத்தூர்)

நான் ஆடிப்பெருக்குக்கு விடச் சொன்னேன். இவ்வளவு இருக்குன்னு இப்பதான் தெரியுது. எங்க ஊர் ஆத்துல மழை வந்தா மட்டும்தான் தண்ணி, ஆனா கல்வராயன் அடிவாரத்துல மடு இருக்கு. இதே மாதிரி இங்கயும் ஆரம்பிக்கலாமா?

நாகலூர் காப்பி (ஏற்காடு)

தம்பி மூக்கனேரி, அந்த ஓடை எந்தத் தோட்டத்தை ஒட்டி வருகிறது என்று எனக்குத் தனியாக எழுதுங்கள். ஆள் தெரிந்தவராக இருந்தால் நான் பேசுகிறேன். தண்ணீர்த் தொட்டி யோசனைக்கு ஒத்துக்கொள்வார்கள், மோட்டாருக்கு டீசல் மிச்சம் அவர்களுக்கு. மடுவில் இறக்காதே என்று மட்டும் சொன்னால் கேட்க மாட்டார்கள்.

மூக்கனேரிப் பையன் (சேலம்)

எழுதிட்டேங்க ஐயா. பெரியவர் தொட்டிக்குச் சம்மதிச்சுட்டார். குஞ்சுக்குச் சொன்னதை வேண்டாம்னு சொல்லிட்டார். வனத்துறைக்கு மனு நாளைக்குக் கொடுக்கிறோம், அக்கா ஒரு தடவை படிச்சுப் பார்த்துடுங்க. பரிசல் அண்ணா, முதல் நடைக்கு உங்க அப்பாவைக் கூட்டிட்டு வர முடியுமா? மீனை அடையாளம் பார்க்க எங்களுக்கு ஆள் வேணும்.

மேட்டூர் பரிசல் (மேட்டூர்)

அவரு பார்த்தது எல்லாம் அணை மீனு, மலை மீனு தெரியாதுன்னு சொல்றாரு. ஆனா வர்றேன்னுட்டாரு. அடிவாரம் வரைக்கும் பஸ்ஸுல வந்துடுவோம், அங்கிருந்து வண்டி சொல்லி வைங்க, முட்டி வலி அவருக்கு. அக்காகிட்ட சொல்லுங்க, வெண்கெண்டை, கருமுழி எந்த மாசம் எந்தத் துறையில விழுந்துச்சுன்னு அவரு சொல்லச் சொல்ல நான் நோட்டுல எழுத ஆரம்பிச்சுட்டேன். எந்த வருஷத்துல இருந்து வேணும்னு கேளுங்க.